தண்டவாளம் முதல் இரண்டாம் அட்டவணை வரை: இருப்புநிலைக் குறிப்பில் நிலைச் சொத்தின் வரலாறு

கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டும் முதலீட்டாளர் பலர், இருப்புநிலைக் குறிப்பில் நிலைச் சொத்துக்கு எதிரே உள்ள தொகையை அந்தக் கம்பெனியின் நிலம், கட்டடம், இயந்திரங்களின் இன்றைய விலை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது விலையே அல்ல. எப்போதோ செலவழித்த பணத்தில், இதுவரை லாபத்தில் கழிக்கப்படாமல் மிச்சம் நிற்கும் பகுதிதான் அது. எத்தனை ஆண்டில் கழிப்பது, கழிக்காமல் விடலாமா, அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்று ஏறத்தாழ 180 ஆண்டுகளாக நடந்துவரும் வாதத்தின் விளைவே அந்த ஒற்றை வரி. பிரிட்டிஷ் ரயில் கம்பெனிகளில் தொடங்கி இந்தியக் கம்பெனிச் சட்டம் வரை அந்த வாதத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது. தேய்மானம் எழுதப்படாத இடங்களில் இழப்பு மறைந்துவிடவில்லை, பின்னால் வந்தவர்கள் தலையில் விழுந்தது என்பதே என் வாதம்.

கட்டியது தேயும் என்பது பழைய அறிவுதான். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், சிறு கற்களால் கட்டிய சுவரை மதிப்பிடும்போது வயதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 80-இல் ஒரு பங்கைக் கழிக்கும் வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். சாயாமல் நிற்கும் செங்கல் சுவருக்குக் கழிவு கிடையாது. ஆனால் பல நூற்றாண்டுகளுக்கு வணிகர்களின் பேரேட்டில் இதற்குப் பெரிய வேலை இருக்கவில்லை. கப்பல் போய்த் திரும்பியதும் சரக்கை விற்று, கூட்டாளிகள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். போட்ட முதல் வெளியே எடுக்க முடியாதபடி மண்ணில் புதைந்துகிடக்க, பங்குதாரர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பங்காதாயம் கேட்கும் நிலை வந்தபோதுதான் தேய்மானம் பிரச்சினையானது. அந்த நிலையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது ரயில்.

லிவர்பூல் – மான்செஸ்டர் பாதை 1830-இல் திறக்கப்பட்டபோது அதன் தண்டவாளம் கஜத்துக்கு 35 பவுண்டு எடை. எஞ்சின்கள் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போக, அந்த இரும்பு தாங்கவில்லை. சில ஆண்டுகளிலேயே 50, 60, 75 பவுண்டு என்று மாற்ற வேண்டியதாயிற்று. இங்கேதான் கணக்கரின் சிக்கல் தொடங்குகிறது. 35 பவுண்டு தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு 75 பவுண்டு போட்டால், முழுச் செலவும் புதிய சொத்தா? பழையதற்கு ஈடான பகுதியைப் பராமரிப்பு என்று அந்த அரையாண்டு வருவாயில் கழித்து, கூடுதல் எடைக்கான பகுதியை மட்டும் முதல் கணக்கில் சேர்ப்பதா? முதலினச் செலவு என்று எழுதினால் பங்காதாயம் உயரும். வருவாயினச் செலவு என்று எழுதினால் குறையும். இரும்பு ஒன்றுதான், ரசீதும் ஒன்றுதான். எந்தப் பேரேட்டில் ஏறுகிறது என்பதே லாபத்தைத் தீர்மானித்தது.

1840-களின் நடுவில் பிரிட்டனைப் பிடித்தாட்டிய ரயில் பங்கு மோகத்தில் இந்த வாசல் அகலத் திறந்துகிடந்தது. 'ரயில் அரசன்' என்று புகழப்பட்ட ஜார்ஜ் ஹட்சன் தலைமையேற்றிருந்த ஈஸ்டர்ன் கவுன்டீஸ் போன்ற கம்பெனிகளில், வருவாயில் எழுத வேண்டிய செலவுகளை முதல் கணக்கில் தள்ளிப் பங்காதாயம் கொடுத்திருந்தது 1849 விசாரணைகளில் அம்பலமானது. பழைய பங்குதாரருக்குப் போன பங்காதாயம் புதிதாகச் சேர்ந்தவர்களின் முதல். அதே ஆண்டு பிரபுக்கள் சபையின் குழு ரயில் கணக்குத் தணிக்கையை ஆராய்ந்தது.

இதற்கு நேர் எதிராக உழைத்தவர்களில் நான் மதிக்கும் ஒருவர் மார்க் ஹூயிஷ். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிவிட்டு ரயில் நிர்வாகத்துக்கு வந்தவர். லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் கம்பெனியின் பொது மேலாளர். தண்டவாளமும் வண்டிகளும் எவ்வளவு வேகமாகத் தேய்கின்றன என்று அளந்து அறிக்கை எழுதி, ஆண்டுதோறும் ஒரு தொகையைப் புதுப்பிப்புக்காக ஒதுக்க வற்புறுத்தினார். பல தலைமுறை தாங்கும் என்று தொடக்கத்தில் நம்பப்பட்ட பாதை அதற்கு வெகு முன்பே மாற்றத்துக்கு வந்துவிடுகிறது என்பதை அளவோடு காட்டியது பெரிய காரியம். ஆனால் பங்குதாரர் அழுத்தத்தில் பல கம்பெனிகள் இப்படி ஒதுக்குவதைக் கைவிட்டன. தேய்ந்ததை மாற்றும் ஆண்டில் செலவு எழுதினால் போதும் என்ற வழக்கம் நிலைத்தது. 1868-ஆம் ஆண்டு ரயில் ஒழுங்குமுறைச் சட்டம் தந்த படிவம் முதல் கணக்கையும் பொது இருப்புநிலைக் குறிப்பையும் தனித்தனியாகப் பிரித்தது. பாதைக்கும் நிலையத்துக்கும் செலவழித்த தொகை முதல் கணக்கில் அடக்க விலையிலேயே நின்றது.

சாதாரணக் கம்பெனிகளுக்குச் சட்டம் மேலும் தளர்வாக இருந்தது. 1862-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த மாதிரி இருப்புநிலைக் குறிப்பு, கட்டடத்தையும் இயந்திரத்தையும் அடக்க விலையில் காட்டி மதிப்புக் குறைவைக் கழிக்கச் சொன்னது. பின்பற்றும் கட்டாயம் இல்லை. 1889-இல் வந்த நூஷாட்டெல் அஸ்பால்ட் வழக்கு இதை உறுதிப்படுத்திவிட்டது. சுவிட்சர்லாந்தில் தார்ப்பாறை வெட்டும் உரிமை பெற்ற அந்தக் கம்பெனிக்குப் பாறைதான் சொத்து. வெட்ட வெட்டக் குறையும் சொத்து. அந்தக் குறைவை ஈடு செய்யாமல் பங்காதாயம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, கொடுக்கலாம் என்று லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலை முதல் கரைந்தாலும் நடப்பு வருமானம் செலவை மிஞ்சினால் போதும் என்ற கொள்கை அதன்பின் நெடுங்காலம் நின்றது. வணிகர் விவகாரத்தில் நீதிபதி தலையிடக் கூடாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு தேய்மானத்தை இயக்குநர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

வரி அலுவலகம் வேறு திசையிலிருந்து வந்தது. 1878-இல் பிரிட்டிஷ் வருமான வரிச் சட்டம் இயந்திரத் தேய்மானத்துக்குக் கழிவு அனுமதித்தது. பங்காதாயத்தைக் குறைக்கிறதே என்று ஒதுக்கப்பட்ட கணக்கு, வரியைக் குறைக்கிறது என்றதும் தேவைப்பட்டது. தேய்மானம் கம்பெனிகளின் அன்றாடப் பழக்கமானதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தியாவுக்கு இந்தக் கதை ராயபுரம் வழியாகவும் வந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி விட்ட மெட்ராஸ் ரயில்வே, உத்தரவாத வட்டி பெற்ற கம்பெனிகளில் ஒன்று. 5 சதவீதம் வரை வட்டிக்கு அரசு பொறுப்பேற்றது. வருமானம் போதாவிட்டால் துண்டு விழும் தொகை இந்திய வருவாயிலிருந்து போகும். இந்த ஏற்பாட்டில் முதல் கணக்கில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் உத்தரவாதம் பெற்ற ரூபாய். சிக்கனத்துக்குத் தூண்டுதல் எங்கிருந்து வரும்? நிலைச் சொத்தின் தொகை உயர்ந்தால் அதற்கான வட்டியைக் கட்டுபவர் இந்த நாட்டின் நிலவரி செலுத்தும் விவசாயியாக இருந்தார்.

தேய்மானம் ஒதுக்காததன் விலை முதல் உலகப் போருக்குப் பின் கண்ணெதிரே தெரிந்தது. வில்லியம் ஆக்வொர்த் தலைமையிலான குழு இந்திய ரயில்வே பற்றி 1921-இல் அளித்த அறிக்கை, புதிய பாரத்தைத் தாங்க முடியாத பாலங்களையும், மாற்ற வேண்டிய காலம் கடந்தும் ஓடிக்கொண்டிருந்த தண்டவாளம், எஞ்சின், வேகன்களையும் விவரித்தது. ரயில்வேயின் பணம் அரசின் பொது பட்ஜெட்டுக்குள் கட்டுண்டு கிடந்தது. புதுப்பிப்புக்கு ஒதுக்கிய தொகை நிதியாண்டு முடிவில் காலாவதியானது. தேய்மானத்துக்கென்று தனி நிதி இருக்கவில்லை. 1924-இல் ரயில்வே நிதி பொது நிதியிலிருந்து பிரிக்கப்பட்டு, தேய்மான ஒதுக்கு நிதி உருவானது. ஹூயிஷ் கேட்டது முக்கால் நூற்றாண்டு கழித்து இங்கே கிடைத்தது.

கம்பெனிச் சட்டத்தின் பாதை மெதுவானது. 1913-ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிச் சட்டத்தின் எஃப் படிவம், நிலை முதலில் செலவழித்ததை அடக்க விலையோடும் அதுவரை எழுதிய மொத்தத் தேய்மானத்தோடும் காட்டச் சொன்னது. இது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் காட்டச் சொல்வது வேறு, கழித்தே ஆக வேண்டும் என்பது வேறு. தேய்மானம் கழித்த பிறகுதான் பங்காதாயம் என்ற கட்டாயம் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1960 திருத்தம் மூலமே வந்தது. 1988 திருத்தம் பதினான்காம் அட்டவணையைச் சேர்த்து, வருமான வரி விகிதங்களிலிருந்து விலகித் தனி விகிதங்களைத் தந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை விகிதத்தையே விட்டுவிட்டு ஆயுளைச் சொல்கிறது: பொதுவான இயந்திரத்துக்கு 15 ஆண்டு, தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 30, மேசை நாற்காலிக்கு 10, மேசைக் கணினிக்கு 3. எச்ச மதிப்பு பொதுவாக 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வேறு ஆயுளைக் கொள்ளும் கம்பெனி, தொழில்நுட்ப ஆதாரத்தோடு அதற்கான காரணத்தைக் கணக்கில் வெளியிட வேண்டும்.

இதன் நடைமுறையை ஒரு நூற்பாலைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு மில் 2 கோடி ரூபாய்க்கு இயந்திரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 ஆண்டு, 5 சதவீத எச்ச மதிப்பு, நேர்கோட்டு முறை என்றால் ஆண்டுத் தேய்மானம் சுமார் 12.67 லட்சம். 12 ஆண்டு கழித்து ஏட்டு மதிப்பு 48 லட்சம். அதே இயந்திரத்துக்கு வருமான வரிக் கணக்கில் குறைந்து செல் மதிப்பு முறையில் 15 சதவீதம் கழித்தால் மிஞ்சுவது சுமார் 28.4 லட்சம். மில் மூன்று ஷிஃப்ட் ஓடினால் அட்டவணைப்படி தேய்மானம் இரட்டிப்பாகும். ஏழரை ஆண்டிலேயே எச்ச மதிப்புக்கு வந்துவிடும். ஒரே இயந்திரம், மூன்று தொகை. மூன்றும் சட்டப்படி சரி. சந்தையில் அது என்ன விலைக்குப் போகும் என்று மூன்றில் எதுவும் சொல்லவில்லை.

ஆகவே நிகரத் தொகையைவிட, அதன் பின்னால் குறிப்புகளில் வரும் அட்டவணையே முக்கியம் என்பது என் கருத்து. கிராஸ் பிளாக் எனப்படும் மொத்த அடக்க விலை, அதுவரை சேர்ந்த தேய்மானம், நெட் பிளாக் எனப்படும் நிகரத் தொகை என்று மூன்று பகுதி அதில் இருக்கும். மேலே சொன்ன மில்லில் ஒரு ஷிஃப்ட் கணக்குப்படி சேர்ந்த தேய்மானம் 152 லட்சம், அதாவது அடக்கத்தில் 76 சதவீதம். இயந்திரம் கிழடாகிவிட்டது, பெரிய செலவு அருகில் இருக்கிறது என்று பொருள். ஆண்டில் புதிதாகச் சேர்த்த சொத்து அந்த ஆண்டின் தேய்மானத்தைவிடத் தொடர்ந்து பல ஆண்டு குறைவாக இருந்தால், ஆக்வொர்த் குழு ரயில்வேயில் கண்டதைத்தான் அந்தக் கம்பெனியும் தனக்குச் செய்துகொள்கிறது.

எதிர்த் திசைப் பிழையும் மறையவில்லை. 2002-இல் அமெரிக்காவின் வேர்ல்ட்காம், பிற தொலைபேசி வலைகளுக்குக் கட்டிய அன்றாட வாடகைச் செலவில் 380 கோடி டாலருக்கு மேல் முதலினச் செலவாக எழுதி வைத்திருந்தது வெளிவந்து, அடுத்த மாதமே திவால் மனு போட்டது. முறையளவில் ஹட்சன் காலத்துத் தந்திரம்தான் இது.

நிலம் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. சொந்த நிலத்துக்குத் தேய்மானம் இல்லை. மறுமதிப்பீடு செய்யாத பழைய மில்களின் ஏட்டில் அது வாங்கிய காலத்து விலையிலேயே கிடக்கிறது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் அட்டவணைத் திருத்தம் இரண்டு புதிய விவரங்களைக் கேட்கிறது. ஒன்று, முடிவடையாத கட்டுமானப் பணிகளின் வயது: ஓராண்டுக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல். கட்டி முடிக்காத திட்டம் தேய்மானம் எழுதப்படாமல் ஆண்டுக்கணக்கில் சொத்தாக நிற்பதை இந்தப் பத்திகளில் பார்த்துவிடலாம். மற்றது, கம்பெனி பெயரில் பத்திரம் இல்லாத நிலமும் கட்டடமும்: பத்திரம் யார் பெயரில், அவர் புரமோட்டரோ இயக்குநரோ அவர்களின் உறவினரோ, எந்தத் தேதியிலிருந்து கம்பெனியின் கையில் இருக்கிறது, பெயர் மாற்றாததற்குக் காரணம் என்ன.