இறுவட்டுக் கடையும் இரு விளையாட்டுகளும்

2001ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 3' என்ற காணொளி விளையாட்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அடுத்த மாதம் யப்பானில் 'ரெஸ்' என்ற விளையாட்டு வெளியானது. சொனி நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடுவதற்கென விற்ற பிளேஸ்டேஷன் 2 என்ற பொறியில் இரண்டும் இயங்கின என்பதைத் தவிர, அவற்றுக்கிடையே பொதுவாக எதையும் காண்பது கடினம். முன்னது அவ்வாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்பனையான விளையாட்டாகிப் பின்வந்த இருபது ஆண்டுகளின் பெருவணிக விளையாட்டுகளுக்கு அச்சாக அமைய, பின்னது விமர்சகர்களின் பாராட்டோடும் மெலிந்த விற்பனையோடும் நின்றுவிட்டது. கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதலாவது எளிதாகக் கிடைத்ததற்கும் இரண்டாவது வந்து சேர வழியே இல்லாதிருந்ததற்கும் உரிய காரணங்களை இவ்விரு ஆக்கங்களின் தரத்தில் மட்டும் தேடினால் விடை கிடைக்காது; இறுவட்டு வணிகம் இயங்கிய முறையிலும், அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்நகரில் உருவாகியிருந்த இசை கேட்கும் வழக்கத்திலும் அக்காரணங்கள் கிடக்கின்றன.

'ரெஸ்' விளையாட்டை உருவாக்கியது சேகா நிறுவனத்தின் கீழ் இயங்கிய யுனைட்டட் கேம் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற குழு. அதன் தயாரிப்பாளர் தெத்சுயா மிசுகுச்சி. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் தெரு இசை ஊர்வலத்தில் பெருந்திரளான மக்கள் ஒரே தாளத்துக்கு அசைந்ததைக் கண்ட அனுபவமும், ஓசைகளை நிறங்களாக உணர்ந்து வரைந்த உருசிய ஓவியர் வசிலி கண்டின்ஸ்கியின் படைப்புகளும் அவருக்கு உந்துதலாயின. ஒரு புலன் தூண்டப்படும்போது இன்னொரு புலனும் சேர்ந்து விழித்துக்கொள்ளும் நிலையை உளவியலார் புலனிணைவு என்பர். அந்நிலையைப் பொறி ஒன்றின் மூலம் யாருக்கும் ஏற்படுத்த முடியுமா என்பதே மிசுகுச்சி எழுப்பிய கேள்வி. கதை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. கணினி வலையமைப்பு ஒன்றினுள் புகும் ஆட்டக்காரர் வகுக்கப்பட்ட பாதையிலேயே இழுத்துச் செல்லப்படுகிறார். எதிர்ப்படும் உருவங்களைக் குறிவைத்து, ஒரே நேரத்தில் எட்டு இலக்குகள் வரை பற்றி, பின் விசையை விட்டுச் சுடுகிறார். ஆனால் சூடு விழும்போது எழுவது வெடியோசை அன்று, ஒரு தாள ஒலி. ஆட்டக்காரரின் விரல் சற்று முந்தினாலும் பிந்தினாலும் பொறி அவ்வொலியை அடுத்த தாளக்கட்டம் வரை நிறுத்தி வைத்து, சரியான இடத்தில் விழச் செய்கிறது. ஒவ்வொரு பகுதியும் பத்து அடுக்குகளாக அமைந்து, ஓர் அடுக்கைத் திறந்து அடுத்ததற்குச் செல்லும்தோறும் இசையில் புதிய பகுதி ஒன்று சேருவதால், தொடக்கத்தில் வெறும் துடிப்பாக இருந்தது முடிவில் முழு இசையாகிறது. ஆட்டக்காரர் தவறாக வாசிப்பது இங்கே இயலாது என்பதுதான் இதன் நுட்பம். இசைப் பயிற்சி சிறிதும் இல்லாத ஒருவரையும் வாசிப்பவராக்குகிறது அது.

இந்த உத்தி முற்றிலும் புதியதன்று. 1987இலேயே தோஷியோ இவாய் என்ற யப்பானியக் கலைஞர் நிண்டெண்டோவின் பொறிக்காக ஆக்கிய 'ஒட்டோக்கி' என்ற விளையாட்டில் எட்டுத் திசைகளில் சுடும் ஒவ்வொரு சூடும் ஒரு சுரமாக ஒலித்தது. 1996இல் வெளியான 'பரப்பா த ராப்பர்' இன்னொரு வழியைத் திறந்தது. திரையில் தோன்றும் குறிகளைத் தாளம் தப்பாமல் அழுத்தவேண்டும், தப்பினால் தோல்வி. பின்னாளில் கித்தார் வடிவக் கருவியைக் கையில் கொடுத்துப் பெரும் பணம் ஈட்டிய விளையாட்டுகள் பரப்பாவின் வழித்தோன்றல்களே. இவாய் திறந்த வழியில் நடந்தவர் மிகச் சிலர். அவர்களுள் முதன்மையானவர் மிசுகுச்சி.

ஆடுபவரின் அசைவே இசையை இழுத்துச் செல்லும் இம்முறை தமிழ் அரங்குக்கு அந்நியமானதென்று கருதவேண்டியதில்லை. கூத்தில் அதைப் பயிற்றி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று ஆட்டக்காரரின் காலைப் பார்த்தே தாளக்கட்டை விரிக்கவும் முடிக்கவும் செய்கிறார். ஆடுபவர் சற்றுத் தடுமாறினாலும் அடுத்த தீர்மானத்தில் அவரைப் பிடித்து நிறுத்துவது அண்ணாவியாரின் கை. 'ரெஸ்' விளையாட்டில் பொறி செய்வது ஏறத்தாழ அந்த வேலையைத்தான். தமிழ்க் கத்தோலிக்கரிடையே வளர்ந்த கூத்திலிருந்தே சிங்கள நாடகம் என்ற இசையரங்க வடிவம் கிளைத்தது என்பதைப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1950களில் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். அவ்வடிவத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் பிலிப்பு சிஞ்ஞோ கொழும்பைச் சேர்ந்த கொல்லர் என்பது மரபுச் செய்தி. தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் இந்த வரலாற்றுக்கு வெளியே நிற்கும் இடங்கள் அல்ல. எனினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கொழும்புத் தமிழரின் செவியை வடிவமைத்தது கூத்துமேடை அன்று, வானொலிப் பெட்டி.

'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 3' இசையைக் கையாண்ட முறையைப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். எடின்பரோவில் இயங்கிய டிஎம்ஏ டிசைன் என்ற குழு ஆக்கிய இவ்விளையாட்டு, கற்பனையான அமெரிக்க நகரம் ஒன்றில் கார்களைத் திருடி ஓட்டிக் குற்றக் கும்பல்களுக்கு வேலை செய்யும் ஒருவனைப் பற்றியது. தெருவில் நடக்கும்போது நகரத்தின் இரைச்சல் மட்டுமே கேட்கும். ஏதேனும் வாகனத்தில் ஏறியவுடன் அதன் வானொலி பாடத் தொடங்கும். மோட்சார்ட், வேர்டி ஆகியோரின் இசைநாடகப் பாடல்களுக்கு ஒரு நிலையம், ஜமேக்காவின் ரெகே இசைக்கு ஒன்று, பேச்சுக்கு மட்டும் ஒன்று எனப் பல நிலையங்கள். அறிவிப்பாளர்களின் வாய்வீச்சும், நகைச்சுவைக்காகவே எழுதப்பட்ட பொய் விளம்பரங்களும் இடையிடையே வரும். வாகனத்தை விட்டிறங்கி மறுபடி ஏறினால் நிகழ்ச்சி இடைவெளியில் முன்னேறியிருக்கும். ஆட்டக்காரரைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும் உலகம் ஒன்று வெளியே உண்டென்ற மயக்கத்தைத் திரைப்படங்களை விட மலிவாகவும் திறமையாகவும் ஏற்படுத்திய உத்தி அது. அடுத்த ஆண்டு வெளியான 'வைஸ் சிட்டி', 1986ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டு, அக்காலத்து உண்மையான பாடல்களை உரிமம் பெற்று ஒலிக்கச் செய்தது. அப்பாடல்கள் ஏழு இறுவட்டுகளாகத் தனியே விற்பனைக்கும் வந்தன. ஆட்டக்காரர் என்ன செய்தாலும் அவ்விசையில் ஒரு சுரம் கூட மாறாது. இதனை வைத்து இவ்விளையாட்டின் இசையைத் தாழ்வாக மதிப்பிடும் விமர்சகர்கள் வானொலி என்ற கலையை அறியாதவர்கள் என்றே சொல்லவேண்டும். எந்தப் பாடலுக்குப் பின் எந்தப் பாடல், எங்கே அறிவிப்பாளர் குறுக்கிடுவது என்ற தெரிவில்தான் அக்கலை இருக்கிறது.

அந்தக் கலையை ஆழமாகப் பயின்ற நகரங்களுள் கொழும்பும் ஒன்று. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியது. இந்தியாவில் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து திரையிசையை ஏறத்தாழ விலக்கியபோது, கடல் கடந்த நேயர்களும் கொழும்பை நோக்கித் திரும்பினர். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் பாடகர்களின் குரல்களுக்கு இணையாகத் தமிழ்நாட்டிலும் அறியப்பட்டன. பாடல் தென்னிந்தியாவில் உருவானது. அதை எந்த வரிசையில், எந்தச் சொற்களோடு கேட்பது என்ற ஒழுங்கு கொழும்பில் உருவானது. இங்கே இசை ஒரு விளையாட்டாகவும் ஆயிற்று. அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' என்ற போட்டியில் கொடுக்கப்பட்ட எழுத்தில் தொடங்கும் திரைப்பாடலை உடனே பாடிக்காட்ட வேண்டும். வானொலியில் புகழ்பெற்ற அந்நிகழ்ச்சி பின்னர் அவருடனேயே தமிழ்நாட்டின் சன் தொலைக்காட்சிக்குச் சென்றது. அப்போட்டியில் சோதிக்கப்பட்டது புதிதாக இசை எழுப்பும் ஆற்றல் அன்று, ஏற்கெனவே கேட்ட பாடலின் முதலடியை நினைவிலிருந்து மீட்கும் ஆற்றலே. நிகழ்ச்சியின் ஈர்ப்பும் அதிலேயே இருந்தது: பாடத் தெரியாதவரும் வீட்டிலிருந்தபடி போட்டியாளரை முந்திக்கொண்டு பல்லவியைச் சொல்ல முடிந்தது. சொல்லற்ற மின்னணு ஒலிகளைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டும் 'ரெஸ்', இப்படிப் பழகிய செவிக்கு எந்த நினைவையும் தூண்டக்கூடியதாக இருக்கவில்லை.

கேட்கும் வழக்கம் ஒருபுறமிருக்க, பண்டம் கடைக்கு வரும் பாதை தனி வரலாறு உடையது. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் ஒலிநாடாப் பதிவுக் கருவிகள் பெருகின. நேயர் கொடுக்கும் பட்டியலின்படி பாடல்களை நாடாவில் பதிந்து கொடுக்கும் 'ரெக்கோடிங் பார்' என்ற கடைவகை தோன்றியது. வானொலி அறிவிப்பாளர் செய்த தெரிவை அக்கடை வாடிக்கையாளரின் கையில் கொடுத்தது எனலாம். 1983 ஜூலை வன்செயலில் வெள்ளவத்தையின் காலி வீதி நெடுகிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. மீண்டெழுந்த வீதி முன்னையதன் மறுபதிப்பாக இருக்கவில்லை. வடக்கிலிருந்து போரினால் இடம்பெயர்ந்தோரும் வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தோரும் லொட்ஜுகளிலும் தொடர்மாடிகளிலும் நிறைந்தனர். கடல் கடந்த உறவினரோடு பேசுவதற்கான 'கொம்யூனிகேஷன்' கடைகள் பெருகின, பின்னர் அத்தகைய கடைகளில் இணையக் கணினிகளும் இடம்பிடித்தன. அருகிலுள்ள பம்பலப்பிட்டியின் யூனிட்டி பிளாசா கணினிக் கடைகளின் தொகுதியாக வளர்ந்தது. வீட்டுக்கு ஒரு கணினி வாங்குவது பிள்ளைகளின் படிப்புக்கான செலவாகக் கருதப்பட்டதனால் பெற்றோர் அதற்கு இணங்கினர். விளையாட்டுக்கென்றே ஒரு பொறி வாங்குவது வேறு விடயம்.

இந்த வேறுபாடே இரண்டு விளையாட்டுகளின் கதியையும் பெரிதும் முடிவுசெய்தது. 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 3' 2002 மே மாதத்திலும், 'வைஸ் சிட்டி' அதற்கு ஓராண்டு கழித்தும் கணினிக்குரிய பதிப்பாக வெளிவந்தன. கணினியில் இயங்கும் விளையாட்டை இறுவட்டில் பிரதியெடுத்து மூலப்பதிப்பின் விலையில் சிறு பகுதிக்கு விற்பது எளிது. 'ரெஸ்' அப்போது சேகாவின் ட்ரீம்காஸ்ட், பிளேஸ்டேஷன் 2 ஆகிய பொறிகளுக்கு மட்டுமே வெளியானது. பிளேஸ்டேஷனில் பிரதியெடுத்த வட்டு இயங்கவேண்டுமானால் பொறியைத் திறந்து தனிச் சில்லு ஒன்றைப் பொருத்தவேண்டும். ட்ரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாகச் சேகா நிறுவனம் 2001 சனவரியிலேயே அறிவித்துவிட்டது. இவை எல்லாவற்றையும் கடந்து வந்திருந்தாலும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய விளையாட்டுக்கு, மாதக்கணக்கில் சுற்றித் திரியக்கூடிய நகரம் ஒன்றைத் தரும் விளையாட்டின் அதே விலையைக் கொடுப்பவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? உண்மையில் இலங்கையின் இளைஞரிடையே இவ்விரண்டுக்கும் மேலான ஆர்வம் கிரிக்கெட் விளையாட்டுகளுக்கே இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும்.

கணினிப் பதிப்பில் இன்னொரு வசதியும் இருந்தது. 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 3', 'வைஸ் சிட்டி' இரண்டிலும் எம்பி3 என்ற பெயர் கொண்ட கோப்புறை ஒன்று உண்டு. அதில் ஆட்டக்காரர் தாம் விரும்பிய பாடல்களை இட்டால் அவை விளையாட்டினுள் தனி நிலையமாகக் கார் வானொலியில் ஒலிக்கும். மியாமியைப் போன்ற கற்பனை நகரத்தின் கடற்கரை வீதியில் இளையராஜாவோ ஏ.ஆர். ரஹ்மானோ இசையமைத்த பாடலோடு வண்டி ஓட்டுவதற்கு இதைவிட வேறொன்றும் தேவைப்படவில்லை. பெருவணிக விளையாட்டு ஒன்று, தன் ஆக்கத்தின் விடாப்பிடியான இசைத்தெரிவைத் தானே விட்டுக்கொடுத்து, ரெக்கோடிங் பார் வாடிக்கையாளரின் பட்டியலை உள்ளே அனுமதித்தது. சோதனை முயற்சி என்று புகழப்பட்ட 'ரெஸ்' இத்தகைய நெகிழ்ச்சியைக் காட்டவில்லை. அங்கே ஆட்டக்காரர் இசையை எழுப்பலாம், ஆனால் எந்த இசை என்பதை மிசுகுச்சி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். பங்கேற்பு என்ற சொல்லை இவ்விரண்டில் எதற்குச் சூட்டுவது என்பது தோற்றத்தில் உள்ளதை விடச் சிக்கலான கேள்வி.

பிரதி வட்டு வணிகத்தின் வீழ்ச்சியை இங்கே விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைச் சட்டவிரோதமாக்கியது, அகல அலைவரிசை இணையம் அதைத் தேவையற்றதாக்கியது. இவற்றுள் பின்னதே வலிமையானது. மிசுகுச்சி 2003இல் சேகாவை விட்டு விலகித் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 'ரெஸ்' மெய்நிகர் காட்சிக் கருவிக்கேற்பப் புதுக்கப்பட்டு 2016இல் பிளேஸ்டேஷன் 4க்கும், மறு ஆண்டு கணினிக்கும் வந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து வெள்ளவத்தையின் கணினியிலும் அதைத் தரவிறக்க முடிந்தபோது கடைக்காரரின் இடத்தைக் கடனட்டையும் டொலர் விலையும் எடுத்திருந்தன; 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபின் அத்தடை மேலும் உயர்ந்தது.

2023இல் ரொரன்ரோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறு குழு 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்றின் கதையைச் சமையல் புதிர்கள் வழியாகச் சொல்லும் அவ்வாக்கம், அடுத்த ஆண்டு பிரித்தானியத் திரைக்கலை அக்கடமியின் விளையாட்டு விருதுகளில் முதற்படைப்புக்கான விருதைப் பெற்றது. அளவாலும் பொருளாலும் அது 'ரெஸ்' போன்ற சிறு முயற்சிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் சமைக்கத் தொடங்கும்போது அடுப்படி வானொலி ஒலிக்கிறது; ஒவ்வொரு காலகட்டத்தின் தமிழ்த் திரையிசைப் பாணியையும் ஒட்டிப் புதிதாக இயற்றிய பாடல்கள் அதிலிருந்து வருகின்றன. ஆட்டக்காரர் மாவை ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் அப்பாடல் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும்.