லேப்ராஸ்கோப்பி

பித்தப்பைக் கல்லுக்காக மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரிக்கோ சேலத்துக்கோ செல்லும் நோயாளி கேட்கக்கூடிய இச்சொல், விலாவுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட மென்பகுதியைச் சுட்டும் ‘லபாரா’, உற்றுநோக்குதலைச் சுட்டும் ‘ஸ்கோப்பின்’ என்னும் கிரேக்கச் சொற்களின் வழிவந்தது. சுவீடன் மருத்துவர் யாக்கோபேயஸ் 1910இல் மனித வயிற்றினுள் கருவி செலுத்திப் பார்த்த காலத்தில் நோக்குதலை மட்டுமே குறித்த இது, ஜெர்மனியில் குர்ட் செம் குடல்வாலையும், 1985இல் எரிக் மூகே பித்தப்பையையும் இம்முறையில் அகற்றிய பின்னர் அறுவையையே பெரிதும் குறிக்கலாயிற்று.

கரியமில வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, ஏறத்தாழ அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சில துளைகளின் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைப்பதால், ‘நுண்துளை அறுவைச் சிகிச்சை’ என்னும் தமிழ்ப்பெயர் மிகப் பொருத்தமானது. எனினும் நுண்மை துளைக்கே உரியது. உள்ளே பித்தப்பை முழுவதுமே அகற்றப்படுகிறது, பொது மயக்க மருந்தும் வழக்கமாகத் தேவைப்படுகிறது, இடர் நேரின் வயிற்றைத் திறந்தே அறுவையை முடிக்க வேண்டியும் வரலாம் என்பதை நோயாளி முன்னரே அறிந்திருத்தல் இன்றியமையாதது.