ஒரு சொல்லின் தலையில் விழுந்த பழி

ஜப்பானிய மொழி படிப்பவர்களைத் திணறடிக்கும் சமாசாரம் ஒன்று உண்டு. ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று உச்சரிப்புகள்! சீனாவிலிருந்து எழுத்தை வாங்கிய ஜப்பானியர், கூடவே அதன் ஒலியையும் வாங்கிக்கொண்டார்கள். சொந்தச் சொல்லையும் விடவில்லை. 'கொல்' என்று பொருள்தரும் எழுத்து, வினைச்சொல்லாகத் தனியே வந்தால் 'கொரோசு'. இன்னொரு எழுத்தோடு ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் 'சட்சு'. மௌனத்தைக் குறிக்கும் 'மொக்கு'வை அதன் முன்னால் போடுங்கள். மொக்குசட்சு! மௌனத்தால் கொல்வது.

அப்படியென்றால்? சட்டை செய்யாமல் விடுவது. அதில் கொஞ்சம் அலட்சியமும் கலந்திருக்கும். 'இப்போதைக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை' என்றும் அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. வில்லங்கமே இங்கேதான்.

1945, ஜூலை 26. அமெரிக்கா, பிரிட்டன், சீனா மூன்றும் சேர்ந்து போட்ஸ்டாம் பிரகடனத்தை வெளியிட்டன. நிபந்தனையில்லாமல் சரணடைய வேண்டும், இல்லாவிட்டால் முழு அழிவு!

டோக்கியோவில் குழப்பம். சோவியத் யூனியன் சமரசம் பேசி வைக்கும் என்று நம்பிய வெளியுறவு அமைச்சர் டோகோ, "அவசரப்பட்டு மறுக்க வேண்டாம்" என்ற கட்சி. ராணுவமோ மறுத்தே ஆகணும் என்று நெருக்கியது. 28-ம் தேதி நிருபர்களைச் சந்தித்த 77 வயதுப் பிரதமர் சுசுகி, மொக்குசட்சு என்றார்.

'ஜப்பான் நிராகரித்துவிட்டது' என்று உலகம் எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா. 9-ம் தேதி நாகசாகி. அந்த வருஷம் முடிவதற்குள் இரண்டு ஊர்களிலுமாகச் சுமார் இரண்டு லட்சம் பேர் மாண்டார்கள் என்பது மதிப்பீடு.

ஒரு வார்த்தையைத் தப்பாக மொழிபெயர்த்ததால் விழுந்த குண்டு என்று இந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு படித்தவன் முதலில் தேதியைத்தான் பார்ப்பான். ஆகஸ்ட் 3-ம் தேதிவாக்கில் குண்டு வீசத் தயாராகுங்கள் என்ற எழுத்துபூர்வமான உத்தரவு, ஜூலை 25-லேயே கையெழுத்தாகிவிட்டது! சுசுகி வாய் திறந்தது அதற்கு மூன்று நாள் கழித்து. அவரும் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தவில்லை, போரைத் தொடர்வோம் என்றும் சேர்த்துச் சொன்னார். ஜப்பான் 'சரி' என்றிருந்தால் ஒருவேளை குண்டு நின்றிருக்கும். 'பிறகு சொல்கிறோம்' என்று எவ்வளவு பக்குவமாக மொழிபெயர்த்திருந்தாலும் நின்றிருக்குமா என்பது சந்தேகமே.

பழியை மொழிபெயர்ப்பாளன் தலையில் கட்டுவதில் இரண்டு தரப்புக்கும் சௌகரியம் இருக்கிறது. குண்டு போட முடிவெடுத்தவர்களையும் கேட்க வேண்டாம், தயங்கி நின்றவர்களையும் கேட்க வேண்டாம்.

சோவியத்தின் பதிலுக்காகத்தானே டோகோ காத்திருந்தார்? அது ஆகஸ்ட் 8-ம் தேதி வந்தது. போர்ப் பிரகடனமாக! அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.