நடக்கும் உரிமையும் நடைவழி நினைவும்

பொதுத்தெருவில் எவரும் நடக்கலாம் என்பதைச் சட்டமன்றத் தீர்மானத்தால் நிலைநாட்ட வேண்டியிருந்த காலம் தமிழகத்தில் உண்டு. 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்து, 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி, பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டுகள் வாழ்ந்து திரும்பியவர் அவர். பின்னாளில் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் பங்குகொண்டார். நடப்பதற்கே போராடிய மக்களின் வரலாற்றை நடந்தே அறிவது பொருத்தமன்றோ?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அத்தகைய நடைவழி ஒன்று உண்டு. கறுப்பின மக்கள் வாழ்ந்த இல்லங்களையும், அவர்தம் பிள்ளைகள் பயின்ற பள்ளியையும் கண்டு நடப்போர், 1806இல் எழுந்த ஆப்பிரிக்கர் கூட்ட மன்றத்தை அடைவர். 1832இல் அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் ஒன்று தோன்றிய இடம் அது. பிற்காலத்தில் யூதர் தொழுகைக்கூடமாக மாறிய அக்கட்டடத்தை 1972இல் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம் மீட்டது. கட்டடம் கைமாறியும் நினைவு கைவிடப்படவில்லை. 1946இல் கறுப்பின அறிஞர் டூ போய்ஸுக்கு மடல் எழுதிய அம்பேத்கர், அம்மக்களின் நிலைக்கும் இந்தியத் தீண்டப்படாதார் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இத்தகைய நடைவழி அமைப்பின், ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரிலிருந்து தொடங்கலாம். பூசலார் பிறப்பால் அந்தணரேயாயினும் பொருளற்றவர். கல்லும் மரமும் தேட இயலாது மனத்திலேயே கோயில் எடுத்தார். அக்கோயிலின் குடமுழுக்கு நாளில் காஞ்சிக் கற்றளிக்கு வர இயலாதென இறைவனே பல்லவ மன்னனுக்கு உரைத்தான் என்பது பெரியபுராணச் செய்தி. கல்லில் சின்னம் விட்டுச்செல்ல வாய்ப்பற்றோர் வரலாற்றைத் தேடுவார்க்கு இதனினும் நல்ல வாயில் இல்லை.

அடுத்தது திருமழிசை. திருமழிசையாழ்வாரை வளர்த்தவர் மூங்கில் அறுத்து வாழ்ந்த திருவாளன் என்பது குருபரம்பரை மரபு. பெரும்புலியூரில் வேதம் ஓதியிருந்தோர் ஆழ்வாரைக் கண்டு ஓதலை நிறுத்தினர். பின்னர் விட்ட இடம் நினைவுக்கு வராது திகைத்தனர். ஆழ்வார் கருநெல் ஒன்றை நகத்தால் கீறி அவ்விடத்தைக் குறிப்பால் உணர்த்தினாராம்.

மூன்றாவது இடம், திருக்கச்சி நம்பிகள் தோன்றிய பூவிருந்தவல்லி. காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசிய அவ்வணிகர் குலத் தொண்டர் உண்ட மிச்சத்தை உண்ண விழைந்தார் இராமாநுசர். அவர் இல்லாத வேளையில் நம்பிகள் வந்து உண்டு சென்றார். இராமாநுசரின் மனைவியோ இலையை எறிந்து, அவர் இருந்த இடத்தைக் கழுவினார். பக்தி மரபு இந்நிகழ்ச்சியை மறைக்காமல் எழுதிவைத்தது அதன் பெருமை. எனினும் வணிகர்க்கே இந்நிலையாயின், சேரியில் வாழ்ந்தோர் நிலை என்ன?

அவ்வினாவுக்கு விடை கோயிலில் இல்லை. நில ஆவணத்தில் உண்டு. பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடி ஆகியன அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அதன் ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்து அறிக்கை அளித்தார். ஏர் பிடித்தவர்க்கு நிலமின்மையையும், குடியிருக்கும் மனைகூட உரிமையாகாமையையும் அது எடுத்துரைத்தது. 1892இல் பிறந்த ஆணையின்வழிப் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. பிறர்க்கு விற்கலாகாது என்னும் விதியிருந்தும் அவற்றுட் பல கைமாறின. மீட்கக் கோரிய காரணைப் போராட்டத்தில் 1994இல் இருவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர்.

ஆகவே, கோயில்களோடு நின்றுவிடும் நடைவழி பாதி வரலாற்றையே காட்டும். கல்வெட்டுக்கு அளிக்கும் மதிப்பை நிலப்பதிவேட்டுக்கும் அளித்தல் வேண்டும். சேரி முதியோரின் நினைவுகளையும் தொகுத்தல் வேண்டும். இலக்கிய வட்டங்களுக்கும் கவிஞர்களுக்கும் ஏற்ற பணி இது.

பூவிருந்தவல்லியிலிருந்து செல்லும் நெடுஞ்சாலை சென்னைக்குள் பெரியார் பெயரைத் தாங்கி நிற்கிறது. சீனிவாசனின் தீர்மானம் வந்த அதே 1924இல், வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் அனைவரும் நடக்கும் உரிமைக்காகச் சிறை புகுந்தவர் பெரியார். அச்சாலையில் இன்று எவரும் சாதி கேளாமல் நடக்கின்றனர். அவ்வுரிமையைப் பெற்றுத் தந்தோர் பெயர்களை அச்சாலையோரத்திலேனும் எழுதி வைத்தல் கடன்.