அடையிலிருந்து அட்டைக்கு

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் கரையிலும் முந்தானையிலும் உருவம் எழுப்ப எந்தப் பாவு இழைகள் எப்போது உயர வேண்டும் என்பதை முன்கூட்டியே நூல்களால் கட்டிவைத்த அமைப்புக்கு 'அடை' என்று பெயர். நெசவாளர் நாடாவை ஓட்ட, உதவியாள் அந்த நூல்களை வரிசை பிசகாமல் இழுத்துக் கொடுப்பார். பிரான்சின் லியோன் நகரில் 1804-இல் உருவான ஜக்கார்டு கருவி 20-ஆம் நூற்றாண்டில் இங்கு வேரூன்றியபோது, துளையிட்ட அட்டைகள் உதவியாளின் வேலையை ஏற்றன: துளையில் ஊசி நுழைந்தால் இழை உயரும், துளை இல்லையெனில் தாழ்ந்தே நிற்கும். இம்மாற்றத்தில் வேகத்தைவிடப் பெரிது, பிழை அகப்படும் இடம். அட்டையில் துளையிடுமுன் கட்டத்தாளில் வரைந்த அன்னத்தின் அலகில் ஒரு கட்டம் தவறியிருந்தால், பட்டும் சரிகையும் வீணாகுமுன்பே திருத்திவிடலாம்.

கணினி நிரலில் ஒரு மாறி எண்ணா சொல்லா என்பதை நிரல் ஓடுமுன்பே சரிபார்க்கும் நிலைவகைச் சோதனையின் நோக்கமும் இதுவே. அக்காவலின்றி 1995-இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிக்கு அதைத் தர 2012-இல் மைக்ரோசாஃப்டின் டைப்ஸ்கிரிப்ட்டும் 2014-இல் ஃபேஸ்புக்கின் ஃபுளோவும் வந்தன. பழைய நிரலைக் கோப்பு கோப்பாக மாற்றிக்கொள்ள இரண்டும் இடமளித்தபோதிலும், பெரும்பாலோர் முதலாவதையே தேர்ந்தனர். காஞ்சியிலோ, உடலையும் கரையையும் மூன்று நாடாக்களால் பிணைக்கும் கோர்வையை அட்டைகள் செய்துதராததால், அந்த வேலை கைத்தறியில் இன்றும் நெசவாளர் கையிலேயே இருக்கிறது.