சத்தம் எந்தப் பக்கம்? இரண்டு காதுகளின் கதை

இருட்டில் நடந்து போகும்போது இடது பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டால் தலை தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. யாரும் யோசித்துத் திரும்புவதில்லை. கண்ணுக்குள் பிம்பம் விழுகிறது, அதனால் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. காதுக்குள் அப்படி எதுவும் விழுவதில்லை. செவிப்பறை அதிர்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் திசை எங்கிருந்து வந்தது? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான ஒரு வழக்கு இருக்கிறது.

முதலில் வருபவர் ரேலே பிரபு. 1904-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கிய ஆங்கிலேயர். 1907-ல் அவர் எழுதிய கட்டுரை இரண்டு வழிகளைச் சொன்னது. கீச்சென்ற ஒலிகளுக்குத் தலையே ஒரு மறைப்பு. தூரத்துக் காதில் சத்தம் குறைந்து கேட்கும். கனத்த ஒலிகள் தலையைச் சுற்றி வளைந்து போய்விடும். அவற்றுக்கு இரண்டு காதுகளுக்கும் இடையிலான நேர வித்தியாசம்தான் துப்பு.

அந்த வித்தியாசம் எவ்வளவு? ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மனிதத் தலையின் அளவுக்கு அதிகபட்சம் 700 மைக்ரோ விநாடி வரும். அதற்குள் 10 மைக்ரோ விநாடி வித்தியாசத்தைக்கூடப் பழகிய காது கண்டுபிடித்துவிடும். ஆனால் நரம்பணுவின் ஒரு மின் துடிப்பே சுமார் 1000 மைக்ரோ விநாடி நீடிக்கிறது! கிலோ கணக்கில் நிறுக்கும் தராசில் தங்கப்பொடியை நிறுப்பது போன்ற வேலை இது.

1948-ல் லாயிட் ஜெஃப்ரஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விடை சொன்னார். ஒரு நீளமான தெருவின் இரண்டு முனைகளிலிருந்தும் இருவர் ஒரே வேகத்தில் நடந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாகக் கிளம்பினால் நடுவில் சந்திப்பார்கள். இடது முனைக்காரர் முன்னால் கிளம்பினால் சந்திக்கும் இடம் வலது பக்கம் தள்ளிப்போகும். எந்த வீட்டு வாசலில் சந்தித்தார்கள் என்று தெரிந்தால் போதும், யார் எவ்வளவு முன்னால் கிளம்பினார் என்று சொல்லிவிடலாம். தெரு என்பது நரம்பு இழை. ஒவ்வொரு வீடும் ஒரு நரம்பணு. இரண்டு காதுகளின் செய்தியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் அது நன்றாகத் துடிக்கும். அப்போது இது வெறும் ஊகம்தான்.

1969-ல் கோல்ட்பெர்க், பிரவுன் என்ற இருவர் நாயின் மூளைத்தண்டில் மின்முனை வைத்து அளந்தார்கள். இரண்டு காதுச் செய்திகளும் வரும் குறுக்குச்சந்தியில் உள்ள அணுக்கள் உண்மையிலேயே நேர வித்தியாசத்துக்கு ஏற்பக் கூடவும் குறையவும் துடித்தன. பிறகு வந்தது கூகை. முழு இருட்டில் சத்தத்தை மட்டும் வைத்து எலியைப் பிடிக்கும் பறவை. கேத்தரின் காரும் மசகாசு கொனிஷியும் 1988-லும் 1990-லும் கூகையின் மூளைத்தண்டில் ஜெஃப்ரஸ் வரைந்த தெருவையே கிட்டத்தட்ட அப்படியே காட்டினார்கள். அதே 1990-ல் யின், சான் இருவரும் பூனையிலும் பொருந்திவரும் முடிவுகளைக் கண்டார்கள். பாடப்புத்தகங்களில் படம் ஏறிவிட்டது. வழக்கு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆனால் கூகை பாலூட்டி இல்லை. பறவையின் மூதாதையும் பாலூட்டியின் மூதாதையும் பிரிந்து 30 கோடி வருடங்களுக்கு மேல் ஆகிறது. செவிப்பறையுள்ள காது இரண்டு கிளைகளிலும் தனித்தனியாகத்தான் உருவானது. ஒரே பிரச்சினைக்கு இருவரும் ஒரே விடை எழுதியிருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

2001-ல் மெக்ஆல்பைன், ஜியாங், பாமர் மூவரும் கினிப் பன்றியின் நடுமூளையில் அளந்ததை வெளியிட்டார்கள். பல அணுக்கள் உச்சமாகத் துடித்த நேர வித்தியாசம், அந்தச் சின்னத் தலையால் உண்டாக்கவே முடியாத அளவுக்குப் பெரிது. யாருமே போய்ச் சேர முடியாத இடத்தில் எதற்கு வீடு? அவர்கள் சொன்ன விளக்கம் இது: உச்சி முக்கியமில்லை, சரிவுதான் முக்கியம். ஒலி சற்று நகர்ந்தாலும் சரிவில் துடிப்பின் எண்ணிக்கை சட்டென்று மாறும். இடது மூளை, வலது மூளை என இரண்டு தட்டுகள். எது தாழ்கிறது என்று பார்த்தாலே திசை தெரியும்.

2002-ல் அடுத்த அடி. பிராண்ட், குரோத்தே குழுவினர் ஜெர்பில் என்ற பாலைவன எலியின் மூளைத்தண்டில் ஸ்டிரிக்னைன் செலுத்தினார்கள். நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே விஷம். அது கிளைசின் என்ற தடுப்புச் சமிக்ஞையை முடக்கும். உடனே அணுக்களின் உச்சி பூஜ்ஜியத்தை நோக்கி நகர்ந்தது. அதாவது நேரத்தைச் சரிசெய்வது இழையின் நீளம் மட்டுமல்ல, சரியான நொடியில் வரும் ஒரு தடையும்கூட என்றார்கள். இதையும் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 2015-ல் ஃபிராங்கன் குழுவினர் அதே ஜெர்பிலில் அணுவுக்குள்ளேயே அளந்து, தடுப்பை விட அணுவின் சொந்த மின் குணங்களே காரணம் என்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இடது, வலது என்று இரண்டு கூட்டத்தின் கணக்கை ஒப்பிடும் யோசனையை கியார்க் வான் பெகேஷி 1930-லேயே சொல்லியிருந்தார். பின்னாளில் 1961-ல் நோபல் பரிசு பெற்றவர். ஜெஃப்ரஸின் அழகான படத்துக்கு முன்னால் அந்த யோசனை பல காலம் ஓரத்தில் கிடந்தது.

இது ஆய்வுக்கூடச் சண்டை மட்டுமல்ல. இரண்டு காதிலும் காக்ளியர் கருவி பொருத்திக்கொண்டவர்கள் பேச்சை நன்றாகப் புரிந்துகொண்டாலும் நேர வித்தியாசத்தை உணர்வதில் மிகவும் சிரமப்படுகிறார்கள். வழக்கமான கருவிகள் அந்த நுண்ணிய நேரத்தைப் பெரும்பாலும் கடத்துவதே இல்லை. சந்தடி மிகுந்த தெருவைக் கடக்கும் ஒரு குழந்தைக்கு, வண்டி வருகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதாது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் தெரிய வேண்டும். மூளைத்தண்டு எந்தக் கணக்கைப் போடுகிறது என்று சரியாகத் தெரிந்தால்தான், கருவி எதைக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

கூகை சொன்ன விடை கூகைக்குச் சரி. பாலூட்டிகளின் விடைத்தாள் இன்னும் திருத்தப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.