லெட்சுமி: ஒரு பெயரின் வரலாறு

பெயர் என்பது ஒருவரை அழைப்பதற்குரிய ஒலி மட்டுமன்று. அதில் ஒரு மக்களின் மொழியும் வாழ்வும் படிந்து கிடக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் லெட்சுமி என்னும் பெயர் இதற்குத் தக்க சான்றாகும். தனித்தும், முத்துலெட்சுமி, தனலெட்சுமி, விஜயலெட்சுமி என அடையேற்றும் அப்பெயர் வழங்குகின்றது.

வடமொழியில் ‘லக்ஷ்’ என்னும் அடி, குறித்தல், காணுதல் என்னும் பொருள்களைத் தரும். எனவே குறி, அடையாளம் என்பனவே இப்பெயரின் தொடக்கப் பொருளாகும். அதர்வ வேதத்தில் நல்ல இலக்குமியும் தீய இலக்குமியும் பேசப்படுகின்றன. பின்னர் நற்குறி என்னும் பொருளே நிலைபெற்றுச் செல்வமும் அழகும் அருளும் தெய்வத்தின் பெயராயிற்று. இலக்குமணன் என்னும் ஆண்பாற் பெயரும் இவ்வடியிற் பிறந்ததே. அதுவே மலாய் மொழியில் ‘லக்சமானா’ எனக் கடற்படைத் தலைவனைக் குறிக்கலாயிற்று. மலாக்காவின் வீரர் ஹங் துவா அப்பட்டத்தாலேயே அறியப்படுகிறார். இத்தெய்வத்தின் மற்றொரு பெயரான ஸ்ரீ, ‘தான் ஸ்ரீ’ என்னும் மலேசிய விருதில் இன்றும் ஒலிக்கின்றது.

வடசொல்லை ஏற்குங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்பது தொல்காப்பிய நெறி. லகரம் தமிழில் மொழிமுதலாகாது. ஆகவே இகரம் முன்வந்து சேர்ந்தது. ‘க்ஷ’ என்னும் ஒலி ஒருவழி ‘க்க’ ஆகவும், மற்றொருவழி ‘ட்ச’ ஆகவும் திரிந்தது. இவ்வாறு இலக்குமி, இலட்சுமி என்னும் வடிவங்கள் தோன்றின. பேச்சு வழக்கோ இகரத்தை விடுத்து, லகரத்தை லெகரமாக்கி, லெட்சுமி என்றும் லெச்சுமி என்றும் வழங்கிற்று. வள்ளுவர் இத்தெய்வத்தைச் செய்யாள், செய்யவள், தாமரையினாள் எனத் தனித்தமிழாலேயே சுட்டியமை ஈண்டு எண்ணத்தக்கது.

மலாயாவுக்கு வந்த தோட்டத் தொழிலாளருட் பலர் எழுத்தறிவு பெறாதவர். அவர்தம் பெண்மக்களின் பெயர்களைக் கிராணிமாரும் பதிவு அலுவலரும் செவியில் விழுந்தவாறே ஆங்கில எழுத்துகளில் எழுதினர். லெட்சுமியின் ‘ட்சு’ ஒலிக்கு டி, சி, எச் ஆகிய மூன்றும் நிரலாக அமைந்தன. இறுதியில் ஒருவர் ‘ஐ’ இட்டார். மற்றொருவர் ‘ஒய்’ இட்டார். இரயில்வேப் பணியோடு பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழரிடையிலோ நடுவில் ‘எக்ஸ்’ இட்டெழுதும் வழக்கும் உண்டு. தாய்க்கு ஒரு வடிவம், மகளுக்கு ஒரு வடிவம் என ஒரே பெயர் பிரிந்து நின்றது. ஒருவருடைய ஆவணங்களிலேயே எழுத்து மாறுபடின், இருவரும் ஒருவரே எனச் சத்தியப் பிரமாணம் செய்யும் இடரும் நேர்ந்தது.

எனினும் இப்பெயர் வரலாற்றில் எளிய இடம் பெற்றதன்று. 1943-ஆம் ஆண்டு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் பெண்கள் படையொன்றை அமைத்தார். 1858-இல் போரில் வீழ்ந்த ஜான்சி ராணி இலட்சுமிபாயின் நினைவாக அப்படை பெயர் பெற்றது. அதற்குத் தலைமை தாங்கிய மருத்துவரின் பெயரும் இலட்சுமியே. அவர் 2012-இல் மறையும்வரை கேப்டன் லட்சுமி என்றே போற்றப்பட்டார். அவர்தம் ஆணையின்கீழ் அணிவகுத்தவருட் பலர், மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். செல்வத்தின் குறியாகக் கருதப்பட்ட பெயர், துணிவின் குறியாகவும் விளங்கிற்று.

தனித்தமிழ் உணர்வு பரவியபின் திருமகள், மலர்மகள் போன்ற பெயர்களை விரும்புவோர் பெருகினர். அது வரவேற்கத்தக்கதே. ஆயினும், பாட்டியின் அடையாள அட்டையிலுள்ள லெட்சுமியைப் பிழையென்று நகைத்தல் தகாது. கைந்நாட்டு இட்டவர்களின் குரல் அவ்வெழுத்துகளில்தான் பதிவாகியுள்ளது. குழந்தையின் பெயரைப் பதிவு செய்யச் செல்லும் இன்றைய பெற்றோர், அதன் பொருளைத் தெளிந்து, எழுத்தை முன்னரே முடிவு செய்து, தம் கையாலேயே எழுதிக் கொடுப்பாராக. முன்னோர்க்குக் கிட்டாத அவ்வுரிமை இன்று அவர்தம் கையில் உள்ளது.